எல்லாப் பழியும் போன் மேலேயா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. கண்ணைப் பற்றிய பதிவு என்பதால் ஒரே மூச்சில் படிக்க விடமாட்டேன். நடுவில் மூன்று இடங்களில் "நிறுத்து" என்று போட்டிருக்கிறேன். வகுப்பில் "எழுந்து நில்" என்றால் மறுபேச்சுப் பேசாமல் நிற்பீர்களே, அதே மாதிரி அந்த இடத்தில் போனைக் கீழே வையுங்கள். சன்னலுக்கு வெளியே தூரத்தில் தெரிகிற வேப்ப மரத்தையோ, எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டியையோ 20 விநாடி பாருங்கள். பிறகு வந்து தொடருங்கள்.

நான் ஓய்வு பெற்ற புதிதில் நீங்கள் போன் செய்தால் வேலை, கல்யாணம், பிள்ளைகளின் மார்க் என்று பேச்சு போகும். இப்போதெல்லாம் நலம் விசாரித்து முடித்த மறு நிமிடம் கண்ணுக்கு வந்துவிடுகிறீர்கள். "டீச்சர், சாயங்காலமானா கண்ணுல மண்ணள்ளிப் போட்ட மாதிரி இருக்கு." "டீச்சர், கம்ப்யூட்டர விட்டு எந்திரிச்சா அரை மணி நேரம் தூரத்துல எதுவும் தெளிவா தெரிய மாட்டேங்குது." உறவுக்காரர்கள் என்றால், "பேரன் போன விட மாட்டேங்கிறான் மதினி, கண்ணு அவிஞ்சு போயிருமா?" கேள்வி வேறு வேறாக இருந்தாலும் எல்லோரும் தீர்ப்பை எழுதிவிட்டுத்தான் கேட்கிறீர்கள்: எல்லாம் இந்தப் போனால்தான்.

நான் டாக்டர் இல்லை. பத்தாம் வகுப்புக்கு ஒளியியல் பாடம் நடத்தியவள். அந்தப் பாடத்தையும், கண் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு நம்பகமான இடங்களில் படித்ததையும் வைத்து இரண்டு விஷயங்கள் சொல்கிறேன். ஒன்று, திரை பார்ப்பதால் வரும் கண் சோர்வு கண்ணை நிரந்தரமாகக் கெடுப்பதில்லை. பெரும்பாலும் காசில்லாமலே சரி செய்துகொள்ளலாம். இரண்டு, கண்ணில் வருவதெல்லாம் திரையால் வருவதில்லை. இந்த இரண்டாவதை மறந்தால் என்ன ஆகும் என்பது என் உடன்பிறந்த அண்ணனுக்கே நடந்திருக்கிறது. அதை முடிவில் சொல்கிறேன். உறவுக்காரர்கள் அதுவரை கட்டாயம் படியுங்கள்.

முதலில் பாடம். விழியின் குறுக்குவெட்டுப் படம் வரைந்து பாகங்களைக் குறித்தது ஞாபகம் இருக்கிறதா? கார்னியா, ஐரிஸ், விழி லென்ஸ், அதைச் சுற்றிச் சிலியரித் தசைகள், பின்னால் விழித்திரை. தூரத்தில் இருப்பதைப் பார்க்கும்போது சிலியரித் தசை தளர்ந்து ஓய்வாக இருக்கும், லென்ஸ் மெலிந்திருக்கும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்க அந்தத் தசை சுருங்க வேண்டும், அப்போது லென்ஸ் தடிக்கும். இதைத்தான் விழி ஏற்பமைவுத் திறன் என்று படித்தீர்கள்.

எவ்வளவு உழைப்பு என்பதைக் கணக்காகவே போடலாம். ஒன்றை மீட்டர் தூரத்தால் வகுத்தால் அதுதான் டையாப்டர். 6 மீட்டர் தள்ளி இருக்கும் பொருளைப் பார்க்க 0.17 டையாப்டர், கிட்டத்தட்ட சும்மா இருப்பது மாதிரி. 50 செ.மீ. தூரத்தில் கணினித் திரை என்றால் 2 டையாப்டர். படுத்துக்கொண்டு 25 செ.மீ. தூரத்தில் போனைப் பிடித்தால் 4 டையாப்டர். கணினிக்குப் படும் பாட்டைப் போல இரு மடங்கு. போதாததற்கு இரண்டு விழிகளையும் மூக்குப் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கையை மடக்கி ஒரு தண்ணீர்க் குடத்தை எட்டு மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றால் கை என்ன பாடுபடும்? அதே கதைதான். திரையை விட்டு எழுந்ததும் தூரம் மங்கலாகத் தெரிவது, சுருங்கிய தசை உடனே தளர மறுப்பதால். சிறிது நேரத்தில் தெளிந்துவிட்டால் பயப்பட வேண்டியதில்லை.

இது திரையோடு பிறந்த தொல்லையும் அல்ல. இத்தாலியில் பெர்னார்டினோ ராமசினி என்று ஒரு மருத்துவர் இருந்தார். தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700-இல் தனி நூலே எழுதியவர். நுணுக்க வேலை செய்பவர்களின் கண்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அவர் சொன்ன யோசனை, குனிந்தே கிடக்காமல் இடையிடையே வேலையை விட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்புங்கள் என்பது. மின்விளக்கே இல்லாத காலத்து யோசனை. நம் ஊர் நகைப் பட்டறையில் ஆசாரி கம்பி இழுத்துக்கொண்டே நடுவில் தெருவைப் பார்த்து, போகிற வருகிறவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுவாரே, அவர் கண்ணுக்கு ஓய்வு அங்கேதான் கிடைத்தது.

இப்போது இரண்டாவது காரணம், இமை. "கண்ணை இமை காப்பது போல" என்று சும்மா சொல்லவில்லை. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண் மேல் கண்ணீர் ஒரு மெல்லிய படலமாகப் பூசப்படுகிறது. கண்ணீர் என்றால் வெறும் தண்ணீர் இல்லை. கண்ணோடு ஒட்ட வைக்கும் சளி போன்ற அடுக்கு, நீர் அடுக்கு, ஆவியாகாமல் காக்க மேலே ஓர் எண்ணெய் அடுக்கு. அந்த எண்ணெய் இமை ஓரத்துச் சின்னச் சின்னச் சுரப்பிகளிலிருந்து வருகிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறை போல இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இமைக்கும் அந்தச் சில தடவைகளும் பாதி மூடிப் பாதி திறக்கிற அரைகுறை இமைப்பு. படலம் உடைகிறது, கண் காய்கிறது, எரிகிறது.

"என் கண்ணுல தண்ணியா கொட்டுதே டீச்சர், அது எப்படி வறட்சி?" என்று ஒருத்தி கேட்டாள். காய்ந்து எரிகிற கண், புகை பட்டது போல எண்ணிக்கொண்டு அவசரமாகத் தண்ணீரைக் கொட்டும். அதில் எண்ணெய்ப் பதம் இருக்காது, நிற்காமல் வழிந்து போய்விடும். கண்ணீர் வழிவதும் வறட்சியின் அடையாளமாக இருக்கலாம்.

நளன் கதை கேட்டிருப்பீர்கள். சுயம்வரத்தில் நளன் உருவத்திலேயே தேவர்களும் வந்து உட்கார்ந்தபோது, தமயந்தி அசல் நளனை எப்படிக் கண்டுபிடித்தாள்? அவன் கண் இமைத்தது. தேவர்கள் இமைப்பதில்லை. தமிழில் அவர்களுக்கு இமையவர் என்றே பெயர். பிள்ளைகளே, நாம் மனிதர்கள். ஆபீசில் உட்கார்ந்து இமையவராக முயற்சி செய்யாதீர்கள்.

நிறுத்து. 20 விநாடி, தூரத்தில் ஏதாவது ஒன்றைப் பாருங்கள். பத்துத் தடவை முழுசாக இமையுங்கள்.

வந்துவிட்டீர்களா? இப்போது செய்தீர்களே, இதற்குப் பெயர் 20-20-20. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, இருபது அடிக்கு அப்பால், இருபது விநாடி பார்ப்பது. இருபது அடி என்றால் 6 மீட்டர். மேலே போட்ட கணக்கில் தசை ஓய்வெடுக்கும் தூரம். கண் பரிசோதனையில் எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்வதும் இந்தத் தூரத்துக்குத்தான். இருபது நிமிடம் என்பது வேதவாக்கு இல்லை, ஞாபகம் வைத்துக்கொள்ள எளிதான எண், அவ்வளவுதான். வேலை ஓட்டத்தில் மறந்து போகும் என்பவர்கள் ஒரு சின்னத் தந்திரம் செய்யுங்கள். பெரிய தண்ணீர்ப் பாட்டிலை மேசையில் வைக்காமல் சின்ன டம்ளரை வைத்துக்கொள்ளுங்கள். நிரப்ப எழுந்து போகத்தான் வேண்டும். கண்ணுக்கும் ஓய்வு, இடுப்புக்கும் ஓய்வு.

அடுத்து, உட்காரும் இடம். திரை ஒரு கை நீளத்தில் இருக்கட்டும், 50 முதல் 70 செ.மீ. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ கொஞ்சம் கீழேயோ இருக்கட்டும். பார்வை சற்றுத் தாழ்ந்திருந்தால் இமை பாதி மூடியிருக்கும், கண் காய்வது குறையும். லேப்டாப் மிகவும் தாழ்ந்திருந்தால் அடியில் நான்கு புத்தகம் வைத்து உயர்த்தித் தனிக் கீபோர்டு போடுங்கள். சன்னல் முகத்துக்கு நேரே வேண்டாம், முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். ஏசிக் காற்றோ டேபிள் ஃபேன் காற்றோ நேராக முகத்தில் அடிக்க வேண்டாம். திரையின் வெளிச்சம் அறையின் வெளிச்சத்தோடு ஒத்துப் போகட்டும். இருட்டில் திரை டார்ச் லைட் மாதிரி இருந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். எழுத்துச் சிறிதாக இருப்பதால்தான் நம்மை அறியாமல் முகம் திரைக்குப் பக்கத்தில் போகிறது. உறவுக்காரர்களில் பெரியவர்களுக்குச் சொல்கிறேன், போன் செட்டிங்ஸில் எழுத்தளவு என்று ஒன்று இருக்கிறது. பேத்தியைக் கூப்பிட்டுக் கூட்டி வைக்கச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால்? சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிற என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். அவள் சம்மதத்தோடுதான். ஆடிப்பெருக்குக்குப் புது வருடக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவளுக்கு மூச்சு விட நேரமிருக்காது. தினசரி காலண்டர் தாள் ஒன்றில் எத்தனை பொடி எழுத்து என்று பாருங்கள். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், திதி, நட்சத்திரம். ஒரு எண் மாறினாலும் ஊரே கேட்கும். வயது 43. மதியத்துக்கு மேல் தலைவலி, கழுத்து வலி, எழுத்து இரண்டாகத் தெரிகிறது. "கண்ணு போறதுக்குள்ள வேலைய விட்டுரலாம்னு இருக்கேன் டீச்சர்" என்றாள். அவள் சம்பளத்தில்தான் மகள் கல்லூரியில் படிக்கிறாள்.

அவளிடம் கண்ணாடி இருந்தது. போன வருடம் போட்ட வெள்ளெழுத்துக் கண்ணாடி. நாற்பதைத் தாண்டினால் லென்ஸ் இறுகி, ஏற்பமைவுத் திறன் குறையும். எல்லோருக்கும் வருவது, திரை பார்க்காத நம் பாட்டிகளுக்கும் வந்ததுதான். அந்தக் கண்ணாடி புத்தகம் படிக்கிற 40 செ.மீ. தூரத்துக்குப் போட்டது. அவள் திரையோ 65 செ.மீ. தள்ளி இருந்தது. முன் கணக்கையே போடுங்கள். 40 செ.மீ.க்கு 2.5 டையாப்டர் வேண்டும், 65 செ.மீ.க்குச் சுமார் 1.5 போதும். கண்ணாடி ஒரு தூரத்துக்கு, திரை வேறு தூரத்தில். அதனால்தான் நாள் முழுக்க முன்னால் குனிந்து, மோவாயைத் தூக்கி, கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்?

தையல் டேப்பை எடுத்து, வேலை பார்க்கும் நிலையிலேயே கண்ணிலிருந்து திரை வரை அளந்து, அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக்கொண்டு கண் டாக்டரிடம் போகச் சொன்னேன். அங்கே முழுப் பரிசோதனை செய்தார்கள். கண்ணில் நோய் எதுவும் இல்லை. திரைத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள், வறட்சிக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். வேலையை விடவில்லை. மகள் இப்போது கடைசி வருடம். நாற்பதைத் தாண்டிய என் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இந்த ஒரு வேலை தருகிறேன். கண் பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் திரையின் தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

நீல ஒளிக் கண்ணாடி வாங்கலாமா என்று பல பேர் கேட்டிருக்கிறீர்கள். கண்ணாடிக் கடையில் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு போட்டுத் தருகிறார்கள். 2023-இல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. நீல ஒளியை வடிகட்டும் லென்ஸ் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதுதான் அதன் முடிவு. திரையிலிருந்து வரும் நீல ஒளி, வாசலில் நின்றால் சூரியனிலிருந்து வருவதோடு ஒப்பிட்டால் மிகவும் கொஞ்சம். ஆனால் படுக்கப் போகிற நேரத்தில் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் தள்ளிப் போகும், அது வேறு விஷயம். அதற்கு மருந்து கண்ணாடி இல்லை, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுப்பதுதான். அந்தக் காசுக்குப் பேரனுக்கு ஒரு சைக்கிள் டியூப் மாற்றுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வீட்டு வைத்தியம் பற்றி. மூடிய இமை மேல் வெள்ளரி வட்டமோ, நந்தியாவட்டைப் பூவோ வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், தாராளமாக வையுங்கள். ஆனால் கண்ணுக்குள் எதையும் பிழிய வேண்டாம். தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், பூச்சாறு எதுவும் வேண்டாம். இமை ஓரத்துச் சுரப்பிகளுக்கு நல்லது வெதுவெதுப்பு. சுத்தமான துணியை இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். உறைந்த எண்ணெய் இளகி வரும். கண்ணைக் கசக்காதீர்கள். கசக்கிக் கசக்கிக் கார்னியாவின் வடிவமே மாறிப் போனவர்கள் உண்டு.

ரொம்ப முக்கியமானது சொட்டு மருந்து. மெடிக்கலில் போய், "கண்ணு சிவந்திருக்கு, ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்காதீர்கள். சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். போட்டதும் சிவப்பு மறையும், சுகமாக இருக்கும், அதனால் மறுபடியும் மறுபடியும் வாங்குவோம். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும், கண்புரையும் வரலாம். பக்கத்து வீட்டில் மிச்சம் இருந்த பாட்டிலும் வேண்டாம். வறட்சிக்கான செயற்கைக் கண்ணீர் என்பது வேறு. அதையும் ஒரு முறை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

நிறுத்து. சன்னல். 20 விநாடி. ஏமாற்றுகிறவர்களை எனக்கு இங்கிருந்தே தெரியும்.

இனி சின்னப் பிள்ளைகள். பெரியவர்களுக்குத் திரை தருவது பெரும்பாலும் சோர்வு. பிள்ளைகளுக்கு விஷயம் வேறு. அவர்கள் விழி இன்னும் வளர்கிறது. விழிக்கோளம் முன்பின்னாக அளவுக்கு மேல் நீண்டுவிட்டால் தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழும். அதுதான் கிட்டப்பார்வை. நீண்ட விழி திரும்பச் சுருங்காது. பிள்ளைகள் புத்தகமோ போனோ மணிக்கணக்கில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும், வெயில் வெளிச்சத்தில் வெளியே போகாமல் இருப்பதும் இதைக் கூட்டுகின்றன. சீனாவில் குவாங்சோ நகரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2015-இல் முடிவு வந்தது. ஒரு பகுதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது வெளியே விட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 30 பேருக்கும், மற்றவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கும் மேல் கிட்டப்பார்வை வந்திருந்தது. வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். வெளியே பகலில் 10,000 லக்ஸுக்கு மேல் போகும். அந்த வெளிச்சத்துக்கு ஈடாக வீட்டுக்குள் எதுவும் இல்லை.

ஆகவே "போனைக் கொடு" என்று பிடுங்கி வைத்துவிட்டு, அதே அறையில் டியூஷன் நோட்டைக் கொடுத்து உட்கார வைத்தால் கண்ணுக்கு ஆதாயம் பாதிதான். வெளியே அனுப்புங்கள். தினமும் இரண்டு மணி நேரம் வெளியில் இருந்தால் நல்லது என்கிறார்கள். பள்ளிக்கு நடந்து போவது, சாயங்காலம் சைக்கிள், கோயில் மண்டபத்துக்கு வெளியே ஓடிப் பிடித்து விளையாடுவது எல்லாம் கணக்கில் வரும். சைக்கிள் டியூப் என்று சொன்னது இதற்குத்தான். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் போனைக் காட்டிச் சோறு ஊட்டும் மருமகள்களே, நிலாவைக் காட்டுங்கள். அதற்கு டையாப்டர் பூஜ்யம்.

இன்னொன்று. பிள்ளைகள் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்ல மாட்டார்கள். உலகமே எல்லோருக்கும் இப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். என் வகுப்பில் கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் முன்பெஞ்சில் உட்கார வைத்துப் பார்ப்பேன். எழுத்து ஒழுங்காக வந்துவிட்டால் அன்றைக்கே வீட்டுக்குச் சொல்லி அனுப்புவேன். உங்கள் பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ, டிவிக்கு மிகப் பக்கத்தில் போனாலோ, தலையைச் சாய்த்துப் படித்தாலோ கூட்டிக்கொண்டு போங்கள். அரசுப் பள்ளியில் கண் பரிசோதனை நடக்கும் நாளில் பிள்ளைக்கு லீவு போடாதீர்கள்.

இப்போது அண்ணன் கதை. அண்ணன் சொல்லித்தான் எழுதுகிறேன். "என் பேரப் போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. நம்ம ஆளுகள்ல ஒருத்தராவது போய்ப் பாக்கட்டும்" என்றார்.

அண்ணனுக்கு 66 வயது. ஓய்வுக்குப் பிறகு அவருக்குத் துணை போன்தான். காலையில் செய்தி, மதியம் பழைய சினிமாப் பாட்டு, ராத்திரி அரசியல் விவாதம். ஒரு கட்டத்தில் மங்கலாக இருக்கிறது என்றார். வாசல்படி தடுக்கும். தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சட்னிக் கிண்ணத்தைக் கை தட்டிவிடும். வண்டியில் போகும்போது ஓரமாக வருகிறவர்கள் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கிறது என்பார். அவர் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "எந்நேரமும் போனப் பாத்தா அப்படித்தான்." அவரும் நம்பினார். வீம்புக்காரர், ஒரே நாளில் போனை அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஆறு மாதம் தொடவில்லை. எரிச்சல் குறைந்தது. "பாத்தியா, போனாலதான்" என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த ஆறு மாதமும் உள்ளே பார்வை நரம்பு போய்க்கொண்டே இருந்தது.

ஓய்வூதியர்களுக்கு நடந்த ஒரு கண் முகாமில்தான் தெரிந்தது. கிளாக்கோமா. தமிழில் கண் நீர் அழுத்த நோய். கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். பெரும்பாலும் வலியே இருக்காது. முதலில் போவது ஓரப் பார்வை. நேராகப் பார்ப்பது தெளிவாகவே இருக்கும், பேப்பர் படிக்கலாம், போன் பார்க்கலாம். ஒரு கண்ணில் விழும் ஓட்டையை மறு கண் ஈடு கட்டும். மிச்சத்தை மூளை இட்டு நிரப்பிவிடும். அதனால் ஆளுக்குத் தெரிவதே இல்லை. அண்ணனுக்கு இடது கண்ணின் ஓரப் பார்வை பெரும்பகுதி போய்விட்டது, வலது கண்ணிலும் தொடங்கியிருந்தது. போனது வராது. தினமும் சொட்டு மருந்து போட்டு, இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். போனை மறுபடியும் கையில் கொடுத்துவிட்டோம். பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை.

டாக்டர் அண்ணனிடம் கேட்ட அடுத்த கேள்வி, "கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம். நாங்கள் ஐந்து பேர். நானும் தங்கையும் போய்ப் பார்த்துவிட்டோம், இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருடம் ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். தம்பிகள் இரண்டு பேரும் "எனக்கு நல்லாத்தானே தெரியுது அக்கா" என்கிறார்கள். அண்ணனுக்கும் நல்லாத்தான் தெரிந்தது தம்பிகளா. அண்ணன் பிள்ளைகளும் போக வேண்டும். எத்தனை வயதில் தொடங்குவது என்று டாக்டரிடமே கேளுங்கள். நீங்கள் எல்லோரும் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்தப் பதிவே பாதி உங்களுக்காகத்தான்.

போய், "கண்ணாடி பவர் பாருங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கடையில் பவர் பார்ப்பது வேறு, கண் பரிசோதனை வேறு. கண்ணின் அழுத்தத்தைப் பாருங்கள், பார்வை நரம்பைப் பாருங்கள், அண்ணனுக்குக் கிளாக்கோமா இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். நாற்பதைத் தாண்டிய மற்றவர்களும் ஒரு முறை முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நிறுத்து. இது கடைசி. இந்த முறை தூரத்தில் ஓர் எழுத்துப் பலகையைப் பாருங்கள். முதலில் இடது கண்ணைக் கையால் மறைத்து, பிறகு வலது கண்ணை மறைத்து. இரண்டும் ஒரே மாதிரி தெரிகிறதா? மாதம் ஒரு முறை இப்படிப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒரு கண்ணின் குறை தெரியாது. ஆனால் இதில் நன்றாகத் தெரிந்தால் கிளாக்கோமா இல்லை என்று அர்த்தம் ஆகாது.

நாள் பார்க்காமல் அன்றைக்கே ஓட வேண்டியவை சில. திடீரென்று ஒரு கண் தெரியாமல் போனால். கண்ணுக்குள் மின்னல் அடித்து, கரும்புள்ளிகள் கொத்தாகப் பறந்தால், அல்லது ஓரத்திலிருந்து திரை இழுத்தது போல மறைத்தால். கண்ணில் கடுமையான வலியோடு வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால். எழுத்து திடீரென்று இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கினால். இவை எதற்கும் 20-20-20 மருந்து இல்லை.

மற்றபடி திரை முன் உட்கார்ந்து பிழைக்கிற என் பிள்ளைகள் பயப்பட வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்குங்கள், திரையைத் தள்ளி வையுங்கள், இமையுங்கள், எழுந்து நடங்கள். இரண்டு வாரம் இதைச் செய்தும் சரியாகவில்லை என்றால் போனைத் திட்டிக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் போங்கள்.

தம்பிகளா, வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் இரண்டு பேர் பெயரிலும் நானே டோக்கன் போட்டிருக்கிறேன். வெறும் கையோடு வாருங்கள், வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். கண்ணில் மருந்து விட்டுப் பார்ப்பார்கள், சில மணி நேரம் மங்கலாக இருக்கும். திரும்பி வரும்போது ஆட்டோவில் போகலாம், மதியச் சாப்பாடு என் வீட்டில்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்